கோமுகத்துக் கல்மேடும் பாம்பன் பவளப்பாறையும்: ஒரு சந்தேகம்

ராமேஸ்வரம்_கயல்:
எல்லாருக்கும் வணக்கம். போன வைகாசியில அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு காசி யாத்திரை போயிட்டு வந்தேன். எங்க வீட்டு வழக்கப்படி இங்கே சேதுக்கரை மண்ணை எடுத்துட்டுப் போய்ப் பிரயாகை திரிவேணியில கரைச்சோம். திரும்பி வரும்போது கங்கை நீர் கொண்டு வந்து ராமநாதசாமிக்கு அபிஷேகம் பண்ணணும். அப்பா பிடிவாதமா, "தண்ணி எடுக்கிறதுன்னா அது பிறக்கிற இடத்துலயே எடுப்போம்"னு சொல்லிட்டார். அதனால கங்கோத்ரி போனோம். அம்மாவுக்கு மூட்டுவலி, கோயில் பக்கத்துலயே தங்கிட்டாங்க. நானும் அப்பாவும் வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிட்டு, பனிக்கு அடியிலிருந்து ஆறு வெளியே வர்ற கோமுகம் வரைக்கும் நடந்தோம். அது கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. ஒரு நாளைக்கு 150 பேரைத்தான் விடுறாங்க.

நான் வெள்ளைவெளேர்னு பனியை எதிர்பார்த்துப் போனேன். அங்க பார்த்தது வேற. சாம்பல் நிறத்துல அழுக்குப் பனி, அது மேல முழுக்கக் கல்லும் மண்ணும். பள்ளத்தாக்கு ரெண்டு பக்கமும் நீளமா உயரமா ஒரு கரை. அப்பா நின்னு பார்த்துட்டு, "இது நம்ம பெரிய கண்மாய்க் கரை மாதிரியில்ல இருக்கு, யாரு கட்டினா?"ன்னு கேட்டார். அந்தக் கரையில வீடு அளவு பாறை கிடக்கு. அதுக்குப் பக்கத்துலயே விபூதி மாதிரி பொடி. கூட வந்த வழிகாட்டி "எல்லாம் பனி கொண்டு வந்தது"ன்னு மட்டும் சொன்னார்.

என் சந்தேகம் இதுதான். பனி எப்படிக் கரை கட்டும்? இன்னொண்ணு, திரும்பி வர்ற ரயில்ல ஒரு பெரியவர், "அந்தப் பனி உருகித்தான் உங்க ராமேஸ்வரம் தீவாச்சு"ன்னார். அது உண்மையா?

அப்பா அங்கிருந்து ஒரு கைப்பிடி அளவு வெள்ளைக் கல் எடுத்து வந்து பூஜையறையில வெச்சிருக்கார். உள்ளே கறுப்புக் கறுப்பா ஊசி மாதிரி கோடு ஓடுது. அது என்ன கல்லுன்னும் தெரிஞ்சா சொல்லுங்க.

கல்தேடி (பரமக்குடி):
கயல், உங்க அப்பா கண்மாய்க் கரைன்னு சொன்னதை நான் ரசிச்சேன். 34 வருஷம் கல்லோட வேலை பார்த்தவன் நான், எனக்கு இவ்வளவு பொருத்தமா ஒரு உவமை தோணலை.

முதல்ல ஆத்தை எடுத்துக்குங்க. வைகை மலையிலிருந்து இறங்கும்போது பெரிய கல்லை மேலேயே போட்டுடும். மதுரைப் பக்கம் மணல். நம்ம ஊருக்கு வரும்போது மெல்லிய வண்டல். தண்ணிக்கு வேகம் குறையக் குறைய, கனமானதை முதல்ல இறக்கிவிட்டு லேசானதைச் சுமந்துட்டுப் போகும். அதாவது ஆறு சலிக்கும், முறத்துல புடைக்கிற மாதிரி தரம் பிரிக்கும்.

பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்குற பனிக்கட்டி, சலிக்காது. அதுவும் நகர்ற பொருள்தான், ஆனா ஒரு நாளைக்குச் சில அங்குலத்திலிருந்து சில அடி வரைக்கும்தான் நகரும். பாறை மேல விழுந்தாலும் சரி, பொடி விழுந்தாலும் சரி, ரெண்டையும் ஒண்ணாவே தூக்கிட்டு வரும். உருகுற இடத்துல ரெண்டையும் ஒண்ணாவே கொட்டும். அதனாலதான் வீட்டளவு பாறையும் விபூதிப் பொடியும் பக்கத்துப் பக்கத்துல கிடந்தது. இந்தக் கலவையை ஒரு பள்ளத்துல பார்த்தா, பனி அங்க இல்லாமப் போய்ப் பல ஆயிரம் வருஷம் ஆகியிருந்தாலும் நாங்க கண்டுபிடிச்சிடுவோம்.

கொட்டினது மேடாக் குவிஞ்சா அதுக்கு மொரைன்னு பேர். பக்கவாட்டுல நீளமா நிக்கிறது பக்க மொரைன், நீங்க பார்த்தது அது. பனியாறு போய் நின்ன இடத்துல குறுக்கே குவியறது முனை மொரைன். அந்தப் பக்கக் கரையோட உச்சியைப் பாருங்க, இப்ப இருக்கிற பனி அதுக்கு எவ்வளவு கீழே கிடக்குதுன்னும் பாருங்க. ஒரு காலத்துல பனி அந்த உச்சி வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு. கண்மாய் வத்தின பிறகும் கரை நிக்குதே, அதே கதை.

அந்தப் பொடி, பனி அடியில பாறையைப் பாறை அரைச்சு வந்த மாவு. கங்கையோட மேல்பகுதியான பாகீரதி ஆறு அந்த இடத்துல சாம்பலும் பாலும் கலந்த நிறத்துல ஓடுறது அதனாலதான். நீங்க பேருந்துல போகும்போது ஹர்சில் பக்கம் பள்ளத்தாக்கு திடீர்னு அகலமாகிறதைக் கவனிச்சிருப்பீங்க. அதுக்குச் சற்றுக் கீழே ஜாலான்னு ஒரு ஊர். கோமுகத்திலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. கீழே. பழைய பனியாறு அது வரைக்கும் இறங்கி வந்திருக்குன்னு மொரைன்களை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தப் பெரிய பெருக்கம் 60,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் போகுது.

கோமுகம் 1935லிருந்து அளக்கப்பட்டு வருது. பனியின் முகம் பின்னாடி போய்க்கிட்டே இருக்கு, சராசரியா வருஷத்துக்கு ஏறக்குறைய 20 மீட்டர்.

மண்டபம்_வாத்தியார்:
கல்தேடி ஐயா விளக்கத்தை அப்படியே நாளைக்கு ஒன்பதாம் வகுப்பில் சொல்லப் போகிறேன். பாடப்புத்தகத்தில் இந்த நிலத்தோற்றங்கள் எல்லாம் ஒரு படத்தோடு முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் பனியைப் பார்த்ததே இல்லை, ஐஸ் பெட்டியில் மீனோடு பார்ப்பதோடு சரி.

கடல் பற்றிய பகுதிக்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனி உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலிலிருந்து ஆவியான நீர் மழையாகித் திரும்பி வராமல் நிலத்தில் பனியாகத் தங்கிவிட்டது. நம் வடகடலை நினைத்துப் பாருங்கள். பாக் விரிகுடாவில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டர் சுற்றித்தான். 120 மீட்டர் இறங்கினால் அங்கே ஒரு குட்டைகூட மிஞ்சாது. மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். யானை, சிறுத்தை, கரடி எல்லாம் இரு பக்கமும் இருப்பது அந்த நிலத்தொடர்பின் சாட்சி.

அப்படியென்றால் ரயிலில் வந்த பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பனி உருகி, கடல் ஏறித்தான் நமக்கும் இலங்கைக்கும் நடுவே தண்ணீர் வந்தது.

பாசிக்காரி_மகள் (பாம்பன்):
எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. எங்கம்மா 40 வருஷமாப் பாசி எடுக்குறாங்க. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரைன்னு எது எந்தப் பார்ல (கடலடிப் பாறையில) முளைக்கும்னு அவங்களுக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். சின்னப் பிள்ளையில அவங்களோட போய்த் தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுக எல்லாம் பார்த்திருக்கேன். பவளம் உசுரோட இருக்கறப்ப தண்ணிக்கு மேல வராது. வெயில்ல கொஞ்ச நேரம் காஞ்சாலே வெளுத்துச் செத்துடும்.

ஆனா பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல வடகடல் ஓரமாப் போனா, கரையிலேயே பவளப்பாறை நிக்குது. செத்த பாறை. தண்ணிமட்டத்துக்கு மேல. உச்சி ஏத்தத்துலயும் அது முழுக முழுக நனையறதில்ல. பனி உருகிக் கடல் ஏறிக்கிட்டே வந்துச்சுன்னா, பவளம் எப்படித் தண்ணிக்கு மேல போச்சு? கடல் கீழல்ல இறங்கியிருக்கணும்?

கீழக்கரை_காக்கா:
தங்கச்சி, அது புயல் தூக்கிப் போட்டது. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய அடிச்சப்ப நான் சின்னப் பையன். அலை எவ்வளவு தூரம் ஏறி வந்துச்சுன்னு எங்க வாப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். தீவுகள்ள உடைஞ்ச பவளம் சல்லி சல்லியாக் குமிஞ்சு கிடக்கே, எல்லாம் கச்சான் காத்துலயும் புயல்லயும் ஒதுங்கினது. காரைச்சல்லி, விலங்குச்சல்லி, புழுவினிச்சல்லின்னு தீவுக்குப் பேரே அதுதானே.

பனியைப் பத்தி நான் ஒண்ணு சொல்றேன். கப்பல்ல 30 வருஷம் ஓடினவன். நார்வேயில ஃபியார்டுக்குள்ள போயிருக்கேன். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல கடல் ஒரு விரல் மாதிரி உள்ளே நீண்டு போகும். எனக்கு ஆச்சரியம் ஆழம்தான். சோக்னே ஃபியார்டுல உள்ளே 1300 மீட்டர் வரைக்கும் ஆழம். வெளியே கடலோட சேர்ற வாய்க்கிட்ட அதுல ஒரு சின்னப் பங்குதான். நம்ம ஊர்ல கரையை விட்டு வெளியே போகப் போகத்தானே ஆழம்? அங்க தலைகீழ். கப்பலுக்கு வழிகாட்ட வந்த பைலட்டுக்கிட்ட கேட்டேன், பனியாறு தோண்டின பள்ளம்னார். தோண்டினதைக் கொண்டு வந்து வாசல்ல போட்டுட்டுப் போயிருச்சாம்.

கல்தேடி (பரமக்குடி):
காக்கா, ஃபியார்டு பத்தி நீங்க சொன்னது ரொம்பச் சரி. ஆனா பாம்பன் பாறையைப் பத்தி நான் உங்களோட ஒத்துப்போகலை. பாசிக்காரி மகள் கேட்டதுதான் இந்த இழையிலேயே ஆழமான கேள்வி.

சல்லி மேடு வேற, அந்தப் பாறை வேற. எப்படித் தெரியும்னா, பவளம் எந்த நிலையில நிக்குதுன்னு பார்க்கணும். புயல் வீசினதுன்னா ஒண்ணு தலைகீழாக் கிடக்கும், இன்னொண்ணு சாய்ஞ்சு கிடக்கும், உடைஞ்ச துண்டுகளா இருக்கும். பாம்பன் வடகரையில உருண்டைப் பவளங்கள் முளைச்ச நிலையிலேயே நிக்குது. அடிப்பக்கம் கீழே, தலைப்பக்கம் மேலே, ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு. வேரோட நிக்கிற பனைமரத்துக்கும் வெள்ளத்துல ஒதுங்கின பனைமரத்துக்கும் உள்ள வித்தியாசம். முளைச்ச இடத்துலயே நிக்கிறதுன்னா, அது வாழ்ந்த காலத்துல அந்த உயரத்துல கடல் இருந்திருக்கு.

இதை ஆராய்ஞ்சு எழுதினவங்க ஸ்டொடார்ட்டும் கோபிநாத பிள்ளையும். 1972ல ராமநாதபுரத்தின் உயர்ந்த பவளப்பாறைகள் பத்தி அவங்க கட்டுரை வந்துச்சு. கரிமக் கணிப்புல ஏறக்குறைய 4000 வருஷ வயசு. நம்ம ஆளுங்க அந்தப் பாறை மேல துணி காயப்போடுறாங்க. உலகத்துல கடல்மட்டம் பத்திப் படிக்கிறவங்க அதைப் பேர் சொல்லிக் குறிப்பிடுறாங்க.

இப்ப ஏன் கடல் இறங்கிச்சுங்கிற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பனி உருகினதுல பெரும்பகுதி 7000, 6000 வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் புதுசாத் தண்ணி அதிகம் சேரலை. ஆனா பூமி அசையாமக் கிடக்கலை. வட அமெரிக்கா மேலயும் ஸ்காண்டிநேவியா மேலயும் கிடந்த பனி சில இடத்துல 3 கி.மீ. தடிமன். அந்தப் பாரத்துல கீழே இருக்கிற தரை அமுங்கிப் போச்சு. சேத்து வயல்ல கால் வைங்க. பாதம் இறங்குற இடத்தைச் சுத்தி விளிம்பு மேலே எழும்பும் இல்லையா? அதே மாதிரி பனியைச் சுத்தி இருந்த நிலமும் கடலடியும் மேடாப் புடைச்சுது. காலை எடுத்தா பள்ளம் மெல்ல மேலே வரும், சுத்தியிருந்த புடைப்பு மெல்ல அடங்கும். ஸ்வீடன், பின்லாந்துக் கரைகள்ல அது இன்னும் நடக்குது, சில இடத்துல வருஷத்துக்கு 1 செ.மீ. அளவுக்குத் தரை மேலே வருது.

அங்க கடலடிப் புடைப்பு அடங்கினா என்ன ஆகும்? அந்தப் பள்ளத்தை நிரப்ப உலகக் கடல்ல இருந்து தண்ணி போகணும். அது நம்மள மாதிரி பூமத்திய ரேகைப் பக்கக் கடல்கள்ல இருந்துதான் போச்சு. இதோட ஏறி வந்த தண்ணியோட பாரமே கடலடியை அமுக்கி, கரையோரத்தை லேசாத் தூக்கிவிட்டுச்சு. ரெண்டும் சேர்ந்து இங்க கடல் ஒண்ணு ரெண்டு மீட்டர் பின்வாங்கிருச்சு. அதுவரைக்கும் உயரத்துல வளர்ந்த பவளம் காத்துல மாட்டிக்கிட்டுச் செத்துச்சு.

அந்தப் பனிக்காலத்துல பனி தொடாத கரை இது. ஆனா கனடாவுல பனி உட்கார்ந்து எழுந்ததைப் பாம்பன் பாறை காட்டிக்கொடுக்குது.

ராமேஸ்வரம்_கயல்:
இதை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். சேத்து வயல் உதாரணம் வந்ததும் "ம்ம்"னு தலையாட்டினார், தாத்தா காலத்துல திருவாடானைப் பக்கம் வயல் இருந்துச்சு.

ஆனா அவருக்கு ஒரு வருத்தம். அப்படின்னா நம்ம கங்கோத்ரிப் பனிக்கும் நம்ம கடலுக்கும் சம்பந்தமே இல்லையா?

கல்தேடி (பரமக்குடி):
சம்பந்தம் இருக்கு, ஆனா ரயில் பெரியவர் சொன்ன அளவுக்கு இல்லை. 120 மீட்டர்ங்கிற கணக்கு பெரும்பாலும் வட அமெரிக்கா, வட ஐரோப்பா, அப்புறம் அண்டார்டிக்காவோட பங்கு. இமயமலைப் பங்கு ரொம்பச் சின்னது. இன்னிக்கு கிரீன்லாந்து, அண்டார்டிக்கா தவிர்த்து உலகத்துல இருக்கிற மலைப் பனியாறுகள் அத்தனையும் உருகினாலும் கடல் 30, 40 செ.மீ.தான் ஏறும். கிரீன்லாந்து மட்டும் 7 மீட்டர். அண்டார்டிக்கா 58 மீட்டர்.

இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும். இமயமலைப் பனியாறுகள் உலகத்து மத்தப் பனியோட ஒரே நேரத்துல பெருகிச் சுருங்கலை. கங்கோத்ரியோட பெரிய பெருக்கம், உலகப் பனி உச்சமான 21,000 வருஷத்துக்கு ரொம்ப முந்தியே நடந்திருக்கு. அங்க பருவமழை எவ்வளவு பனியைக் கொண்டு போய்க் கொட்டுச்சுங்கிறதும் கணக்குல வரும்.

சின்னப் பங்குன்னு லேசா எடுத்துக்க வேண்டாம். நம்ம தீவுகளைப் பொறுத்தவரை 30 செ.மீ. என்ன பண்ணும்னு வாத்தியார் சொல்லட்டும்.

தேர்போகி_செல்வம்:
அப்படின்னா ராமர் பாலமும் இதே காலத்துல உருவானதா? இல்ல கட்டினதான்னு இப்பவாவது முடிவாச் சொல்லுங்க, ஏன் எல்லாரும் சுத்திச் சுத்திப் போறீங்க?

மட்டுறுத்துநர்:
செல்வம் அண்ணே, அந்தப் பேச்சுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டது தப்பில்லை. ஆனால் இங்கே ஆரம்பித்தால் கயல் கேட்டது அடியில் போய்விடும். இதைப் பற்றிய பதிவுகளை அங்கே நகர்த்துகிறேன்.

மண்டபம்_வாத்தியார்:
30 செ.மீ. பற்றி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பூங்கா அறிவித்தபோது எண்ணிய 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்குள். கரையோரம் பவளத்தை வெட்டி எடுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அலையைத் தடுக்கும் சுவர் போனால் மணல் நிற்காது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் கரைந்துகொண்டே போனதால் அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கினார்கள்.

தீவுகள் தண்ணீர்மட்டத்திலிருந்து அதிக உயரம் இல்லை. இன்று உலகச் சராசரியாகக் கடல் ஆண்டுக்கு 3, 4 மி.மீ. ஏறுகிறது. பவளம் நல்ல நிலையில் இருந்தால் அந்த வேகத்துக்குச் சேர்ந்து வளர்ந்துவிடும். 2010லும் 2016லும் கடல் சூடாகி இங்கே பவளம் வெளுத்தது. சூட்டில் செத்த பவளம் எப்படி வளரும்?

ஐயா, முன்பு கடல் ஏறியபோது எவ்வளவு வேகம் இருந்தது?

கல்தேடி (பரமக்குடி):
ஒரே சீரா ஏறலை. 14,500 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டத்துல, சில நூறு வருஷத்துக்குள்ள 15 மீட்டருக்கு மேல ஏறியிருக்கு. கரையோரம் குடியிருந்த மனுஷன் தன் ஆயுசுக்குள்ளயே வீட்டைப் பல தடவை பின்னாடி நகர்த்தியிருப்பான்.

தால்செர்_தமிழன்:
நான் திருவாடானைக்காரன், ஒடிசாவுல தால்செர் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை. இந்த இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

இங்க நிலக்கரிக்கு ரொம்பக் கீழே ஒரு படுகை இருக்கு. பச்சை கலந்த களிமண்கல்லுக்குள்ள பெரிய பெரிய உருண்டைக் கல், சின்னக் கல், எல்லாம் ஒழுங்கே இல்லாமக் குத்திக்கிட்டு நிக்கும். கயல் அக்கா சொன்ன கோமுகத்துக் கலவைதான், கல்லாப் போன கலவை. எங்க மேற்பார்வையாளர் முதல் நாள் இதைக் காட்டி, "வெயில்ல வேகுறியே, நீ நிக்கிற இடம் ஒரு காலத்துல பனி"ன்னார். 1856லேயே பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இதைப் பார்த்துட்டு, பனிதான் கொண்டு வந்திருக்கணும்னு எழுதினாங்களாம். வெப்ப நாட்டுல பனியாங்கிறது அந்தக் காலத்துல நம்ப முடியாத பேச்சு. ஏறக்குறைய 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியா தெற்கே அண்டார்டிக்காவோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்கிறது பின்னாடிதான் புரிஞ்சுது.

கோமுகத்துல நீங்க பார்த்த மேடு இன்னும் 30 கோடி வருஷம் கழிச்சு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

பாசிக்காரி_மகள் (பாம்பன்):
எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் ஒண்ணு கேட்கணும், கயல் அக்கா கோவிச்சுக்கக் கூடாது.

அந்தக் கல்லு. தேசியப் பூங்காவுல இருந்து எடுத்து வந்தது சரியா?

எங்கம்மா தீவுப்பக்கம் பாசிக்குப் போனா எத்தனை கேள்வி, எத்தனை தடவை பையைக் கொட்டிக் காட்டியிருக்காங்க தெரியுமா? 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. செத்த துண்டை எடுத்தாலும் குத்தம். எங்க பாட்டி வீட்டுச் சுவரு முழுக்கப் பவளக்கல், அந்தக் காலத்துல கரையோரம் எல்லாரும் அதைத்தான் வெட்டிக் கட்டினாங்க, சுண்ணாம்புக் காளவாய்க்கும் வண்டி வண்டியாப் போச்சு. அது தப்புன்னு எங்களுக்குச் சொன்னாங்க, கேட்டுக்கிட்டோம். தீவு கரையறதை எங்க கண்ணால பார்த்ததால கேட்டுக்கிட்டோம். பொழப்பையும் குறைச்சுக்கிட்டோம்.

பக்தியில எடுத்ததுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கடல்ல பொழைக்கிறவளுக்கு ஒரு நியாயம், யாத்திரை போறவங்களுக்கு ஒரு நியாயம்னு இருந்தா வலிக்குது.

ராமேஸ்வரம்_கயல்:
கோவம் இல்லம்மா. நீ கேட்டதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு அது தோணவே இல்லைங்கிறதுதான் உண்மை. கல்லுதானே, அங்க லட்சக்கணக்குல கிடக்கேன்னு நினைச்சுட்டேன்.

கீழக்கரை_காக்கா:
பிள்ளைகளா, ரெண்டு பேரும் நல்லபடியாப் பேசிக்கிட்டது சந்தோஷம். நானும் ஒப்புக்கிறேன், புயல்னு சொன்னது என் தப்பு. நேத்து பேரனோட பாம்பன் போயிருந்தப்ப இறங்கிப் பார்த்தேன். முளைச்ச நிலையிலதான் நிக்குது. இவ்வளவு வருஷம் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

கல்தேடி (பரமக்குடி):
கயல், முதல்ல கல்லு என்னன்னு சொல்லிடறேன். வெள்ளைக் கல்லுல கறுப்பு ஊசின்னா அது பெரும்பாலும் கங்கோத்ரி கிரானைட். கறுப்பு ஊசி டூர்மலின்ங்கிற கனிமம். சிவலிங்க மலையும் பாகீரதிச் சிகரங்களும் அந்தக் கல்லால ஆனவை. வயசு 2 கோடி வருஷத்துக்கு மேல. சிகரத்துல இருந்து உடைஞ்சு பனி மேல விழுந்து, பனியோட மெல்ல இறங்கி வந்து, நீங்க நின்ன இடத்துல இறக்கிவிடப்பட்டது. அப்படிப் பிறந்த இடத்தை விட்டுப் பனியால வேற பாறைத்தரைக்குக் கொண்டு வரப்பட்ட கல்லைப் பெயர்ந்த பாறைன்னு நாங்க சொல்லுவோம்.

சட்டப்படி எடுக்கக் கூடாது. 1927 வனச் சட்டத்துலயே காட்டுல இருக்கிற பாறை, மண் எல்லாம் வனவிளைபொருள் கணக்குலதான் வருது. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிசாப் படுறது வேற.

ஒரு மொரைன் எப்ப உருவாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறோம் தெரியுமா? விண்வெளியிலிருந்து வர்ற கதிர்கள் பாறையோட மேல்பரப்புல பட்டுக்கிட்டே இருக்கும். அதனால உள்ளே பெரிலியம்-10ங்கிற அணு கொஞ்சம் கொஞ்சமாச் சேரும். பனி அந்தப் பாறையை இறக்கிவிட்டுப் போன நாள்ல இருந்து அந்தக் கடிகாரம் ஓடுது. கரை உச்சியில இருக்கிற பாறையில அதை அளந்தா பனி எப்ப விலகுச்சுன்னு தெரியும். ஆனா அந்தப் பாறை அசையாம அங்கேயே இருந்திருக்கணும். புரட்டிப் போட்டாலே கணக்குத் தப்பிடும். கைப்பிடிக் கல்லை யாரும் அளக்க மாட்டாங்கதான். ஆனா எது எங்க கிடக்குது, எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, எந்த மலைக்கல்லு எந்தக் கரையில இருக்கு, இதெல்லாமே எங்களுக்கு எழுத்து. பவளம் தலைகீழா நிக்குதா நேரா நிக்குதான்னு பார்த்தோமே, அதே விஷயம். இடம் மாறின கல்லு ஊமையாயிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. மொரைன் கரை கண்மாய்க் கரை மாதிரி, ஆனா கொத்தனார் கட்டினதில்லை. தளர்வான குவியல். அதுக்குப் பின்னாடி பனி உருகின தண்ணி ஏரியாத் தேங்கும். 2013 ஜூன்ல கேதார்நாத்துக்கு மேல சோராபாரி ஏரி அப்படித்தான் கரையை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. கடும் மழையும் உருகின பனியும் சேர்ந்து நிரப்பிருச்சு. அன்னிக்குக் கோயிலுக்குப் பின்னாடி வந்து நின்ன பெரிய பாறையை எல்லாரும் கும்பிடுறாங்க. அந்த வெள்ளம் உருட்டி வந்த பாறை அது. இந்தக் கரைகளைப் படிக்கிறது ஆராய்ச்சிக்காரங்க ஆசைக்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற ஊர்களுக்காகவும்தான்.

மண்டபம்_வாத்தியார்:
ராமேஸ்வரம் தீவு முழுக்க மணலும் பவளச் சுண்ணாம்புமே தவிர, பிறந்த கருங்கல் ஒன்றுகூடக் கிடையாது. கோயில் தூண்கள் அத்தனையும் வெளியிலிருந்து மனிதர்கள் சுமந்து வந்தவை. இன்னும் பல ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் கயல் வீட்டு இடத்தைத் தோண்டி, டூர்மலின் கிரானைட்டை எடுத்தால் குழம்பிப் போவார்.

ராமேஸ்வரம்_கயல்:
அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பாசிக்காரி மகள் எழுதினதையும் அப்படியே படிச்சேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் பூஜையறைக்குப் போய்க் கல்லை எடுத்துட்டு வந்து, சங்கல்பம் பண்ணி, மஞ்சள் துணியில முடிஞ்சு வெச்சார். "தண்ணி கொண்டு வந்தோம், மண்ணு கொண்டு போனோம், அது முறையில இருக்கு. கல்லு முறையில இல்லை"ன்னார்.

பக்கத்துத் தெரு அண்ணன் வர்ற சித்திரையில கோயில் திறந்ததும் கங்கோத்ரி போறார். அவர்கிட்ட கொடுத்துவிடறோம். எந்த இடத்துல எடுத்ததுன்னு அப்பா ஒரு காகிதத்துல எழுதிட்டார்: போஜ்பாசா தாண்டி, கோமுகத்துக்குப் போற பாதையில, வலது கைப்பக்கம் ஆறு, இடது கைப்பக்கம் கரை, ஒரு பெரிய பிளந்த பாறைக்கு அடியில. அண்ணன் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பாரான்னு தெரியலை. இல்லைன்னா பூங்காச் சோதனைச் சாவடியில ஒப்படைச்சிடுவார்.

அப்பாவுக்கு இப்ப பாம்பன் பாறையைப் பார்க்கணும். 68 வருஷமா இதே ஊர்ல இருக்கார், ஒரு தடவைகூட அதுக்காகப் போனதில்லை. தண்ணியிலிருந்து எவ்வளவு உயரம்னு அளக்கக் கயிறும் எடுத்து வெச்சிருக்கார். எப்ப போனா நல்லாத் தெரியும்?

பாசிக்காரி_மகள் (பாம்பன்):
அக்கா, அமாவாசைக்கு மறுநாள் காலையில வாங்க. அன்னிக்குத் தண்ணி நல்லா வத்தும். வடகடல்ங்கிறதால அலையும் இருக்காது, அப்பா நிதானமா நடக்கலாம். எங்கம்மாவும் வர்றேன்னாங்க, எந்தப் பவளம் என்ன ஜாதின்னு அவங்க காட்டுவாங்க. காக்காவையும் வாத்தியார் ஐயாவையும் கூப்பிடுங்க. கல்தேடி ஐயா பரமக்குடியில இருந்து முதல் பஸ் பிடிச்சா நேரத்துக்கு வந்துடலாம்.

செருப்பு கட்டாயம் போட்டுட்டு வாங்க. பாறையில ஒட்டியிருக்கிற சிப்பி காலைக் கிழிச்சுடும்.